வெள்ளத்தில் குட்டி

போன மாதம் படகுத்துறையிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த படகு ஓட்டுநர்களுக்கு வகுப்பு நடக்கிறது, பழைய ஆள் என்ற முறையில் நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று. வேலையிலிருந்து நின்ற பிறகு நான் அந்தத் துறைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. போகலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் போனேன். போய் வந்த பிறகு மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால் இதைச் சொல்லி எழுத வைக்கிறேன்.

எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், பேர் எழுத வரும். அதற்கு மேல் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. எழுதுகிறவள் என் மருமகள். நான் சொல்வதை அவள் புத்தகத் தமிழாக ஆக்கிவிடுகிறாள். ஆக்கட்டும். ஆனால் ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடு, ஒரு எழுத்தை மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். ஒரு சொல்லை ஆளுக்கொரு விதமாக மாற்றியதில் நான் பட்டது போதும்.

என் பேர் பேச்சியம்மாள். சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க மலையேறியவர்கள். நான் ஏலக்காய் எடுத்தேன், தேயிலை கிள்ளினேன், கல்யாணம் ஆனேன், புருஷன் போன பிறகும் அதே கூடையைத்தான் சுமந்தேன். அணைத் தண்ணீரில் படகு விட ஆரம்பித்தபோது கரையில் நின்று பார்க்க ஒரு வாச்சர் வேண்டும் என்றார்கள். யானைகள் எந்த மேட்டில் இறங்கும், எந்த மேட்டில் ஏறும் என்று தெரிந்த ஆள் வேண்டும். முதலில் ஆம்பிளைகளைத்தான் போட்டார்கள். ஒருவன் குடித்துவிட்டுப் பாறையிலேயே உறங்கினான். இன்னொருவன் கரையில் நிற்காமல் படகில் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் என்னைத் தேடி லயத்துக்கு ஜீப் வந்தது. நான் கெஞ்சிப் போன வேலை இல்லை. என் வாசலுக்கு வந்த வேலை.

வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் மூக்கு நீட்டிய மாதிரி ஒரு மொட்டைப் பாறை. அதன் மேல் நான். கையில் ஒரு வெள்ளைத் துண்டு, ஒரு சிவப்புத் துண்டு. வெள்ளை வீசினால் படகு வரலாம். சிவப்பு வீசினால் இன்ஜினை அணைத்து நிற்க வேண்டும். விசில் கூடாது, கத்தக் கூடாது. சத்தம் கேட்டால் அவர்கள் மிரளுவார்கள். கத்துவது என்பது வேறு வழியே இல்லை என்கிறபோதுதான்.

யானை நீந்துவதைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கரை மேட்டில் புல் தீர்ந்தால் எதிர்க்கரைக்கு நீந்திப் போவார்கள். தண்ணீருக்கு மேலே தும்பிக்கை நுனியும் நெற்றியும்தான் தெரியும். முன்னே ஒரு மூத்தவள், பின்னே ஒரு மூத்தவள், நடுவில் குட்டி. குட்டி சோர்ந்தால் பக்கத்தில் வருகிறவள் முதுகில் சாய்ந்துகொள்ளும். இந்த வரிசைதான் அதற்கு உயிர். படகு முன்னால் குறுக்கிட்டால் முன்னவள் திரும்புவாள். திரும்பும்போது வரிசை கலையும். கலைந்தால் குட்டி வெளியே.

அதனால்தான் கட்டளை. முதல் கால் தண்ணீரில் பட்டதுமே இன்ஜின் அணைய வேண்டும். பக்கவாட்டில் நிற்கலாம், முன்னால் கூடாது. அவர்கள் ஏறப்போகிற கரை காலியாக இருக்க வேண்டும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போவதைப் பற்றிப் பேச்சே இல்லை. எவ்வளவு தள்ளி நிற்பது என்று மீட்டர் போட்டு ஒரு பலகை வைத்திருந்தார்கள். தண்ணீர் மேல் மீட்டரை யார் அளப்பார்? நான் லயத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்ட வீடுகள். "மொத வாசல்ல அவுக, கடேசி வாசல்ல நீ. நடுவுல உள்ள வாசலெல்லாம் பூட்டிக் கெடக்கணும்" என்பேன். ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். ஆனால் நிற்பார்கள்.

அவுக என்று சொன்னேனே, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் லயத்து ஆட்கள் தண்ணீர்க் கரையில் நின்று 'ஆனை' என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். "அவுக வாராக", "அவுக எறங்குதாக" என்போம். பேரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். பெரியவர்கள் எல்லாம் அவுக. சின்னது குட்டி. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி குட்டி என்றால் அது வேறு எந்தக் குட்டி?

துறையில் பெரிய படகை ஓட்டியவர் பேபிச்சன். ராஜாக்காட்டுப் பக்கத்துக்காரர், மலையாளி. அவர் அப்பன் காட்டை வெட்டிக் கப்பைக் கிழங்கு நட்டவர். பேபிச்சனுக்குத் தமிழ் புரியும், பேசினால் பாதி இடறும். படகில் ஆள் ஏறும்போது மாதா பாட்டுப் பாடிக்கொண்டேதான் கயிற்றை அவிழ்ப்பார். என்னைப் பார்த்தால் சும்மா போக மாட்டார்.

"பேச்சி சேச்சி, பேரு பேச்சி. வாயத் தொறந்தா ஒரு பேச்சும் இல்ல. எந்தா இது?"

"நீரு பாடுத பாட்டுக்கு அவுக பயந்து ஓடிராம இருக்கணும்னு நான் வாய மூடிக்கிட்டு வேண்டிக்கிட்டு இருக்கேன்."

"ஆனைக்கு என் பாட்டு பிடிக்கும். சேச்சிக்குத்தான் பிடிக்காது."

"ஆனைங்காதேயும், கரையில நிக்கோம்."

இப்படித்தான் எங்கள் சண்டை. ஆனால் சிவப்புத் துண்டு அசைந்த நொடியில் அவர் இன்ஜின் அணையும். சவாரி வந்தவர்கள் பக்கத்தில் போ, பக்கத்தில் போ என்று கூப்பாடு போட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் துறையில் நான் நம்பிய ஒரே ஓட்டுநர் அவர்தான்.

மேலாளர் சுகுமாரன் சார். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும், ஆனால் அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஆளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துப் பேசுவார். இதைச் செய் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார். "பேச்சிக்கு புத்திமுட்டு இல்லல்லோ?" என்பார். உனக்குச் சிரமம் ஒன்றும் இல்லையே என்று அர்த்தம். சிரமம் இல்லை என்று சொன்னால் அது நீயே ஒப்புக்கொண்டு செய்ததாகிவிடும். சிரமம் உண்டு என்றால் "நோக்காம்" என்பார். பார்க்கலாம். அந்தப் 'பார்க்கலாம்' என்பதற்குள் போன காரியம் எதுவும் திரும்பி வந்ததில்லை. சாதாரண நாளில் நான் அவருக்குப் பேச்சி. என்னிடம் ஏதாவது ஆக வேண்டி இருந்தால் அம்மா. அவர் வாயில் அம்மா என்று வந்ததும் நான் உஷாராகிவிடுவேன்.

சார் வந்த பிறகு ஸ்பீட் போட்டு, அதாவது வேகப் படகு, ஒன்று வாங்கினார்கள். துறைக்கு வேண்டியவர்கள், மேலே இருப்பவர்களுக்கு வேண்டியவர்கள், அவர்களுக்கு மட்டும் அது. அதன் ஓட்டுநர் என் துண்டைப் பார்க்க மாட்டான். சார் முகத்தைப் பார்ப்பான்.

அந்த நாளைச் சொல்கிறேன். காலையில் சார் பாறைக்கே ஏறி வந்தார். கையில் ஒரு பொட்டலம் பிஸ்கட்.

"இன்னைக்கு நம்முட ஒரு கெஸ்டு உண்டு. பெரிய கேமராவொக்க ஆயிட்டு வந்திட்டுண்டு. ஒரு ஃபோட்டோ எடுத்திட்டு அவர் போகும். அம்மாக்கு புத்திமுட்டு இல்லல்லோ?"

"அவுக தண்ணியில இருந்தா போட்டு நிக்கணும் சார். அதுல எனக்கு என்ன செரமம்."

"நோக்காம்" என்றார். பிஸ்கட்டைப் பாறையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். நான் அதைத் தொடவில்லை. சாயங்காலம் பார்த்தபோது எறும்பு மொய்த்துக் கிடந்தது.

மத்தியானம் சாய்ந்த நேரத்தில் கூட்டம் இறங்கியது. முன்னால் கிழிகாதி. காது கிழிந்த மூத்தவள், நான் வைத்த பேர். அவள் குட்டி அந்த மழைக்குத்தான் பிறந்திருந்தது. தண்ணீரைத் தும்பிக்கையால் அடித்துப் பார்த்துவிட்டுத் தாயின் வயிற்றுக்கு அடியில் பதுங்கும். அன்றைக்குத்தான் அது முதல் தடவை நீந்தியது என்று நினைக்கிறேன்.

நடுத்தண்ணீருக்குப் போயிருப்பார்கள். ஸ்பீட் போட்டு துறையை விட்டுக் கிளம்பியது. சிவப்பை வீசினேன். அதை ஓட்டியவன் பார்த்தான். பார்த்தது எனக்குத் தெரியும். திரும்பித் துறையைப் பார்த்தான். அங்கே சார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு வந்தது. சுற்றி வளைத்து அவர்களுக்கு முன்னால் போய் நின்றது, அவர்கள் ஏற வேண்டிய கரைக்கும் அவர்களுக்கும் நடுவில். கிழிகாதி திரும்பினாள். பின்னால் வந்தவள் வேறு பக்கம் ஒதுங்கினாள். குட்டி தனியாகி, பாறைக்கு இந்தப் பக்கம், அடிக்கட்டைகள் இருக்கிற மூலைக்கு ஒதுங்கிவிட்டது. அணை கட்டுமுன் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் அங்கே தண்ணீருக்குள் நிற்கின்றன. தும்பிக்கையை மேலே தூக்கித் தூக்கி மூச்சுப் பிடித்தது. வெயில் அதன் நெற்றியில் விழுந்தது. விருந்தாளி எழுந்து நின்று படம் எடுத்தார். எடுத்து முடித்ததும் படகு வந்த வழியே பாய்ந்து போயிற்று.

போனதும் மேட்டிலிருந்து மஞ்சு, பனிமூட்டம், இறங்கியது. எங்கள் பக்கம் மஞ்சு இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது. பெரியவர்கள் எதிர்க்கரைப் பக்கம் பிளிறுவது கேட்டது. கிழிகாதி திரும்பி வருகிறாள் என்று தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீர் அமைதியாகக் கிடந்தால் அவள் குட்டியிடம் வந்து சேர்ந்துவிடுவாள். அந்த நேரத்தில்தான் அணைப் பக்கமிருந்து பெரிய படகின் சத்தம். பேபிச்சன். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. சிவப்புத் துண்டை வீசினேன், மஞ்சில் என் துண்டு எனக்கே தெரியவில்லை. கத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

என்ன கத்துவது? தண்ணி என்று சொன்னால் மலையாளத்தில் அது சாராயக் கடைப் பேச்சு. அவர்களுக்குத் தண்ணீர் என்றால் வெள்ளம். அவருக்குச் சட்டென்று புரிய வேண்டுமே என்று அவர் சொல்லை எடுத்துக் கத்தினேன்.

"வெள்ளத்தில குட்டி! வெள்ளத்தில குட்டி!"

எங்களுக்குக் குட்டி என்றால் விலங்கின் பிள்ளை. அவர்களுக்குக் குட்டி என்றால் மனுஷப் பிள்ளை. 'வெள்ளத்தில' என்று தொடங்கியதால் மீதியையும் அவர் மலையாளமாகவே கேட்டார். பிள்ளை ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்டது என்று.

தமிழிலேயே முழுக்கக் கத்தியிருந்தால் பேச்சி சேச்சி ஆனைக்குட்டியைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்காகப் பாதிச் சொல்லைக் கடன் வாங்கினேன் பாருங்கள்.

இன்ஜின் சத்தம் கூடியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிற்க வேண்டியவர் ஏன் விரட்டிக்கொண்டு வருகிறார்? இன்னும் கத்தினேன். நான் கத்தக் கத்த அவர் வேகம் கூடியது. படகில் இருந்த ஒருவர் குதிப்பதற்குச் சட்டையைக் கழற்றிவிட்டாராம். பெண்கள் அழுதார்களாம். மஞ்சைக் கிழித்துக்கொண்டு படகு நேராகக் குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் வந்தது. அலை குட்டியைத் தூக்கி அடிக்கட்டைகளுக்குள் தள்ளியது. கிழிகாதி படகைத் தலையால் முட்டினாள். பேபிச்சன் எப்படியோ திருப்பி ஆட்களைக் காப்பாற்றினார். ஓர் ஆளுக்குக் கை முறிந்தது. குட்டி மேலே வரவில்லை.

மஞ்சு விலகியபோது கிழிகாதி அந்த மூலையில் நின்று தும்பிக்கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

விசாரணைக்கு மேலிருந்து அதிகாரி வருகிறார் என்றார்கள். முந்தின நாள் சார் என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டு நாற்காலி போட்டார். டீ வந்தது.

"அம்மா, ஆரும் தப்பு செய்திட்டில்ல. மஞ்சு. ஒரு வாக்கு மாறிப்போயி. அத்ரேயுள்ளு" என்றார். அவ்வளவுதான் என்று அர்த்தம். "அம்மா விளிச்சது கொஞ்சம் தெற்றிப்போயி என்னு பறஞ்சா மதி. பேபிக்கும் ஜோலி போகாது." நான் தப்பாகக் கூப்பிட்டேன் என்று சொன்னால் போதுமாம்.

"ஸ்பீட் போட்டு சார்?"

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "ஏது ஸ்பீட் போட்டு?"

லயத்துக்குத் திரும்பினால் வாசலில் பேபிச்சன். பாட்டும் இல்லை, கிண்டலும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"சேச்சி, எனக்கு இது தவிர வேற ஜோலி தெரியாது. லைசன்ஸ் போனா ஞான் தீர்ந்நு. சேச்சி ஒரு வாக்கு சொல்லணும். தப்பாயிட்டு விளிச்சேன்னு."

"நான் தப்பாக் கூப்பிடல பேபிச்சா."

"தெரியும். ஞானும் தப்பாக் கேக்கல. ஆனாலும் ரெண்டுல ஒண்ணு தப்பாகணும்னு அவங்க சொல்றாங்க."

"ரெண்டும் இல்ல. அந்த ஸ்பீட் போட்டுதான் குட்டியப் பிரிச்சது. அதச் சொல்லுதேன். ஒமக்கும் எனக்கும் ரெண்டு பேருக்கும் அதான் நல்லது."

"அதச் சொன்னா ஆரு கேக்கும் சேச்சி?"

"கேக்க வைக்கேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

விசாரணைக்கு வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எனக்கு மலையாளம் வரும், ஆனால் சந்தை மலையாளம். இவ்வளவு பெரிய விஷயத்தை அரைகுறைப் பேச்சில் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். பாதி அவர்கள் சொல், பாதி என் சொல் என்று கலந்ததற்குத்தானே இந்தக் கூத்து. அதனால் முழுக்கத் தமிழிலேயே சொன்னேன். கூட்டம் இறங்கியது, சிவப்பு வீசியது, ஸ்பீட் போட்டு முன்னால் போய் நின்றது, வரிசை கலைந்தது, விருந்தாளி படம் எடுத்தது, மஞ்சு, நான் கத்தியது, எல்லாவற்றையும் நிதானமாக, ஒன்று விடாமல். நான் கூப்பிட்ட சொல் சரியான சொல் என்பதையும் சொன்னேன்.

அதை மலையாளத்தில் எடுத்துச் சொன்னவர் யார்? சுகுமாரன் சார்தான். அங்கே இரண்டு பாஷையும் நன்றாகத் தெரிந்தவர் அவர் ஒருவர் என்று அவரையே உட்கார வைத்திருந்தார்கள். நான் அத்தனை நேரம் சொன்னதை அவர் ஒரே மூச்சில் முடித்தார்.

"புள்ளிக்காரி விளிச்சது சரியாண். டிரைவர் தெற்றாயிட்டு கேட்டு, இன்ஜின் நிறுத்தாதெ வந்நு."

இவள் சரியாகத்தான் கூப்பிட்டாள், ஓட்டுநர் தப்பாகக் கேட்டு இன்ஜினை நிறுத்தாமல் வந்துவிட்டார். அவ்வளவுதான். என் பேச்சில் பேபிச்சனைச் சாய்க்கத் தோதான துண்டை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டார். நான் எழுந்து, ஸ்பீட் போட்டைச் சொல்லவில்லையே என்று என் சந்தை மலையாளத்திலேயே கேட்டேன்.

"சாரே, ஸ்பீட் போட்டு எவ்விடே? அது பறஞ்சில்லல்லோ!"

அதிகாரி நிமிர்ந்தார். சார் அவர் பக்கம் சாய்ந்து, "பாவம். அந்தக் குட்டி போனதிண்டெ விஷமம்" என்றார். குட்டி போன துக்கமாம் எனக்கு. அதிகாரி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "மனஸிலாயி, அம்மே. மனஸிலாயி."

புரிந்துவிட்டது என்று ஒருவர் சொன்ன பிறகு அவரிடம் எதைப் புரிய வைப்பது? பேபிச்சன் அறை மூலையில் நின்றுகொண்டிருந்தார். அவர் சாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

அவருக்கு வேலையும் போயிற்று, லைசன்சும் போயிற்று. என்னைப் பாறையிலிருந்து இறக்கி டிக்கெட் கூடத்தில் பெருக்கப் போட்டார்கள். மலையாளம் நன்றாகத் தெரிந்தவர்தான் இனி கரையில் நிற்கலாம் என்று புதுச் சட்டம் வந்தது. ஸ்பீட் போட்டுக்கு ஒரு சட்டமும் வரவில்லை. கொஞ்ச நாளில் டிக்கெட் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டினார்கள். தண்ணீரில் ஒரு யானைக் குட்டி, தும்பிக்கை மேலே, நெற்றியில் வெயில். படம் எடுத்தவர் பேர் கீழே அச்சில் இருந்தது. வேலை முடியும்வரை அந்தப் படத்துக்குக் கீழேதான் நான் பெருக்கினேன். சவாரிக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். "அய்யோ, எவ்வளவு அழகு" என்பார்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், பெருக்க வேண்டும் என்பேன்.

இப்போது வகுப்புக்கு வருகிறேன். அதே டிக்கெட் கூடத்தில்தான் நாற்காலி போட்டு நடத்தினார்கள், அந்தப் படம் இன்னும் சுவரில் இருந்தது. கடற்கரை ஊரிலிருந்து ஒரு பெண் பாடம் எடுக்க வந்திருந்தாள். நல்ல பெண். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தாள். திரையில் கடலைக் காட்டினாள். நான் கடலைத் திருச்செந்தூரில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. ஓங்கில் என்று, டால்பின் என்றும் சொல்வார்களாம், ஒரு பெரிய மீன் மாதிரி, மீன் இல்லையாம், பால் கொடுக்குமாம், மூச்சு விட மேலே வருமாம். தாயும் குட்டியும் ஒட்டிக்கொண்டு போகின்றன. சுற்றிலும் படகுகள். அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சொன்னாள். துரத்தக் கூடாது. முன்னால் போய் மறிக்கக் கூடாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே கூடாது. இன்ஜினைக் குறைத்துப் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். அவர்களாக வந்தால் வரட்டும், போனால் போகட்டும். எல்லாம் நாங்கள் சொன்னதேதான். கடலிலும் யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது, இல்லாவிட்டால் பாடம் எதற்கு?

அடுத்து எங்கள் அணை வந்தது. திரையில் பெரிய எழுத்தில் குட்டி என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, நடுவில் ஒரு கேள்விக்குறி. ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம், அதனால் நேர்ந்த விபத்து, ஆகவே கரையில் இருப்பவர் எப்போதும் ஆனைக்குட்டி என்றே சொல்ல வேண்டும் என்று பாடம். பின்வரிசையில் ஓர் இளவட்டம் பக்கத்தில் இருப்பவனை இடித்துச் சிரித்தான்.

"அதுதான்டா பேச்சியடிக்கிறது!"

எனக்கு விளங்கவில்லை. அந்தப் பெண்தான் சிரித்துக்கொண்டு சொன்னாள். துறையில் யாராவது சொல்லை மாற்றிச் சொன்னால், தப்பாகக் கூவினால், பேச்சியடிச்சான் என்பார்களாம். எங்கிருந்து வந்த சொல் என்று அவளுக்கும் தெரியாதாம். சிரித்தவர்களில் ஒருவருக்கும் என் பேர் தெரியாது. அழைத்தவர்களுக்கு நான் பழைய வாச்சர் அம்மா, அவ்வளவுதான்.

"அம்மா, அன்னைக்கு நீங்க எப்படிக் கத்துனீங்கன்னு இவங்களுக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுறீங்களா?" என்று கேட்டாள்.

எழுந்தேன். "எம் பேரு பேச்சியம்மா" என்றேன். பின்வரிசையில் சிரிப்பு நின்றது. "கத்திக் காட்ட மாட்டேன். நான் கத்துனதுல தப்பு இல்ல. அந்தா சொவத்துல இருக்கு பாருங்க படம், அந்தக் குட்டிதான் செத்துப்போச்சு. படம் எடுக்கையில அதோட ஆத்தா எங்கன்னு பாருங்க. எடுத்தவரு எங்க நிக்காருன்னு பாருங்க. பொறவு வந்து சொல்லப் பத்திப் பேசுங்க."

எல்லோரும் திரும்பிப் படத்தைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்குப் பிடிபட்டது என்று நினைக்கிறேன், முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிறகு வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே துறையின் ஆள் ஒருவர் நின்றார். "நாம ஒரு டீ பிரேக் எடுத்துக்கலாமே" என்றாள். எனக்கும் ஒரு பொட்டலம் பிஸ்கட் கொடுத்தார்கள்.

பஸ் மாறுவதற்காகப் பூப்பாறையில் இறங்கினேன். அங்கே திருப்பத்தில் பேபிச்சன் டீக்கடை வைத்திருக்கிறார். பல வருஷமாக அந்த வழியில் போகிறேன், அவர் கடையில் ஏறியதில்லை. அவரும் கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கால் தானாக அங்கே போய் நின்றது. தலை முழுக்க வெள்ளை. அவர் டீயை ஆற்றி முன்னால் வைத்தார்.

"துறைக்குப் போயிருந்நோ?"

"ஆமா. அன்னைக்குக் கத்துனதக் கத்திக் காட்டச் சொன்னாக."

"கத்தினீங்களா?"

"மாட்டேன்னுட்டேன்."

துணியால் பலகையைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகை.

"அன்னைக்கும் சேச்சி மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்" என்றார்.

எந்த நாளைச் சொல்கிறார், பாறையில் கத்திய நாளையா, விசாரணையில் பேசிய நாளையா என்று நான் கேட்கவில்லை. என் பஸ் வந்து நின்றது. டீ பாதிக்கு மேல் இருந்தது. பஸ்ஸைப் போக விட்டுவிட்டு, நின்றபடியே கடைசி மிடறு வரை குடித்தேன்.